தெரியாத பெண்ணின் குரல்

அந்தப் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் எல்லோருக்கும் அவள் பிரேக் அக்கா. பயிற்சி வண்டியில் அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அவள் கால் எப்போதும் அதன்மேல்தான் இருக்கும். ஆனால் அதை மிதிக்கவேண்டிய தேவை அடிக்கடி வராது. அதற்குமுன் குரல் வந்துவிடும். ஐம்பத்தெட்டு வயதிலும் கம்மாத குரல். கோபம் வந்தால் அவளுக்கு மரியாதை கூடிவிடும் என்பது இன்னொரு விசேஷம். சும்மா இருக்கும்போது "மெதுவா விடு கண்ணு" என்பவள், கோபத்தில் "விடுங்க, மெதுவா விடுங்க" என்று ஆரம்பித்துவிடுவாள். 'ங்க' வந்தால் பேசாமல் வண்டியை ஓரம்கட்டிவிடு என்று பழைய மாணவர்கள் புதியவர்களுக்குச் சொல்லிவைப்பார்கள்.

அந்த வருஷம் அவளிடம் கற்றுக்கொள்ள வந்தவர்களில் செல்லோக்காரியும் ஒருத்தி. முப்பதை நெருங்கிக்கொண்டிருந்த பெண். முதல் நாளே ஆள் உயரப் பெட்டி ஒன்றைத் தூக்கிவந்து பின் சீட்டில் படுக்கவைத்தாள்.

"உள்ள யாரு?" என்றாள் அக்கா.

"செல்லோன்னு ஒரு வாத்தியம்க்கா. பெரிய வயலின்னு வெச்சுக்கோங்க. இதைத் தூக்கிக்கிட்டு பஸ்ல ஏற முடியல. அதான் கார் கத்துக்கலாம்னு."

வாசிப்பதோடு புதிதாக இசை எழுதவும் செய்கிறாள் என்பது அடுத்த வகுப்பில் தெரிந்தது. சினிமாவுக்கா என்று அக்கா கேட்டாள். இல்லை, வாத்தியக்காரர்கள் மேடையில் உட்கார்ந்து வாசிப்பார்கள், ஜனங்கள் எதிரே சத்தம் போடாமல் உட்கார்ந்து கேட்பார்கள் என்றாள் அவள்.

"சத்தம் போடாம உட்காருவாங்களா? குடுத்துவெச்சவ நீ" என்றாள் அக்கா.

ஒருநாள் மேம்பாலத்து ஏற்றத்தில் வண்டி அணைந்துபோயிற்று. பின்னால் ஒரு பஸ் ஹாரனை விடாமல் அடித்தது. செல்லோக்காரி கண்ணாடியில் தெரிந்த பஸ்ஸையே பார்த்தபடி கைகால் ஓடாமல் உட்கார்ந்திருக்க, வண்டி மெல்லப் பின்னால் நகரத் தொடங்கியது.

"பஸ்ஸைப் பாக்காதே கண்ணு. ஹேண்ட் பிரேக்கைப் போடு."

அவள் காதில் விழவில்லை.

"நான் சொல்றதைக் கேளுங்க" என்றாள் அக்கா.

'கே' என்ற எழுத்தில் குரல் மேலே ஏறி, ஒரு கணம் அங்கேயே நின்று, பிறகு சறுக்கிக்கொண்டு இறங்கியது. செல்லோக்காரி ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துவிட்டு அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். பேயைப் பார்த்தவள்போல் இருந்தது முகம். அக்கா தன் பக்கத்து பிரேக்கை மிதித்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்கக்கா."

"எதை?"

"இப்ப சொன்னீங்களே, அதை."

"என்ன, கிண்டலா?"

எப்படியோ பாலத்தைத் தாண்டி, மூடிக் கிடந்த ஒரு கடை வாசலில் வண்டியை நிறுத்தினார்கள். செல்லோக்காரிக்கு மூச்சு வாங்கியது. "சின்ன வயசுல உங்க குரலை யாராவது ரெக்கார்ட் பண்ணாங்களாக்கா? ஏதோ ஒரு கூட்டத்துல? பின்னாடி நாற்காலி இழுக்கற சத்தம், யாரோ இருமற சத்தம் எல்லாம் இருக்கும்."

தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்த அக்காவின் கை அப்படியே நின்றது.

செல்லோக்காரி போனில் தேடி எடுத்துக் கொடுத்தாள். முதலில் ஒலிநாடாவின் இரைச்சல். நாற்காலி இழுபட்டது. யாரோ இருமினார்கள். பிறகு ஓர் இளம்பெண், "நான் சொல்றதைக் கேளுங்க" என்றாள். மறுபடி அதையே சொன்னாள். மறுபடியும். தேய்ந்த இசைத்தட்டு சிக்கிக்கொண்டதுபோலத்தான் முதலில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதையே இரண்டு பேர் சொல்வதுபோல், ஒருத்தி மற்றவளைவிட மயிரிழை பின்தங்கிச் சொல்வதுபோல் ஆயிற்று. பிறகு நாலு பேர், எட்டுப் பேர். 'கேளுங்க' என்பது 'ளுங்க' ஆகி, 'ங்க' ஆகி, கடைசியில் சொல்லே இல்லாமல் வெறும் ரீங்காரமாக நின்றது.

"இதுக்குப் பேரு 'குரல் ஒன்று'. எங்க படிப்புல இதைக் கேக்காம யாரும் பாஸ் பண்ண முடியாது" என்றாள் செல்லோக்காரி. "மினிமலிசம்னு சொல்லுவாங்க. கொஞ்சூண்டு எடுத்துக்கிட்டு, அதையே திருப்பித் திருப்பி, தெரியாம மாத்திக்கிட்டே போறது. இன்னைக்கு விளம்பரத்துல, சினிமாப் பின்னணியில எல்லாத்துலயும் அதோட சாயல் இருக்கு. அதுக்கு நம்ம பக்கத்துல வழி போட்டவர் இதைப் பண்ணினவர்தான். ஆரம்பத்துல ரேடியோல வேலை பாத்தாராம். பெரிய மேதை."

"இதுல பேசறது யாருன்னு போட்டிருக்கு?"

செல்லோக்காரி தயங்கினாள். "தெரியாத ஒரு பெண்ணின் குரல்னு."

அக்கா போனைக் கீழே வைத்தாள்.

அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. நூல் ஆலைக்குப் பின்னால் ஒரு ஐந்து மாடிக் கட்டடத்தில் குடியிருந்தார்கள். மாடிக்கு மாடி நீள வராந்தா, வராந்தாவுக்கு இரும்புக் கைப்பிடி. நான்காவது மாடிக் கைப்பிடி சுவரிலிருந்து கழன்று ஆடுகிறது என்று குடியிருந்தவர்கள் மாறிமாறிப் போய்ச் சொல்லிப் பார்த்தார்கள். கடைசியில் கட்டட உரிமையாளர் ஓர் ஆளை அனுப்பினார். வந்த ஆள் துருவின்மேலேயே பச்சைப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனான். பார்வைக்குப் புதுசாகிவிட்டது. சில நாள் கழித்து, வீடு மாறிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒத்தாசையாக மெத்தையை ஒரு முனையில் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடந்துவந்த அக்காவின் அண்ணன், அந்தக் கைப்பிடியில் முதுகைச் சாய்த்தான். கைப்பிடியோடு சேர்ந்து கீழே போனான். ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்து, அப்படியே போய்விட்டான்.

நகராட்சிக் கூடத்தில் விசாரணை வைத்தார்கள். பையன் குடித்திருந்தான் என்றார் உரிமையாளரின் வக்கீல். அண்ணன் வாழ்நாளில் குடித்ததில்லை. அப்பா வாயடைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். அக்காதான் எழுந்தாள். தன் பெயர், அப்பா பெயர், வீட்டு எண் எல்லாம் சொல்லிவிட்டு, பச்சைப் பெயின்ட் கதையை ஆரம்பித்தாள். தலைமை வகித்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "சுருக்கமா முடிங்கம்மா" என்று குறுக்கே வந்தார். அந்த வாக்கியம் அப்போது வந்ததுதான். அதற்குப் பிறகும் அவள் உட்காரவில்லை. சொல்லவேண்டியதை எல்லாம் சொல்லி முடித்தாள்.

முன்வரிசையில் ஓர் ஆள் மடியில் டேப் ரிக்கார்டரை வைத்துக்கொண்டு மைக்கை அவள் பக்கம் நீட்டியிருந்தார். வெளியே வந்ததும், "ரேடியோல இருந்து வரேன். நல்லாப் பேசினீங்க. இது எல்லாருக்கும் போய்ச் சேரணும்" என்றார். விசாரணையில் யார்மேலும் குற்றமில்லை, விபத்து என்று எழுதி மூடினார்கள். போகட்டும், ரேடியோவில் வந்தால் ஊருக்காவது தெரியும் என்று வீடே காத்திருந்தது. செய்தி நேரத்தில் அப்பா யாரையும் இருமக்கூட விடமாட்டார். வரவே இல்லை. ஏன் வரவில்லை என்று கேட்க அந்த ஆளின் பெயரும் தெரியாது.

எல்லாவற்றையும் அந்தக் கடை வாசலில் வண்டிக்குள் உட்கார்ந்தபடியே செல்லோக்காரியிடம் சொன்னாள் அக்கா. சொல்லி முடித்ததும் போனைச் சுட்டிக்காட்டினாள். "இது எவ்வளவு நேரம் ஓடுது?"

"இருபது நிமிஷம் கிட்ட."

"இருபது நிமிஷம். இதுல எங்கண்ணன் எங்க?"

செல்லோக்காரி போனை எடுத்து மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"தெரியாத பொண்ணாம். நான் வாயைத் திறந்ததும் முதல்ல சொன்னதே என் பேருதான். அதை வெட்டிப் போட்டுட்டு, தெரியாதவள்னு எழுதி வெச்சிருக்காங்க."

அன்று சாயங்காலம் தன் வீட்டுக்காரரிடம் போட்டுக் காட்டினாள். அவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர், அதிர்ந்து பேசமாட்டார். பாதி வரைக்கும் கேட்டுவிட்டு நிறுத்தினார்.

"இந்தக் குரலை நான் கல்யாணம் ஆனதுல இருந்து வீட்லயே கேட்டுக்கிட்டு இருக்கேன். ஜனங்க டிக்கெட் வாங்கிக் கேக்கறாங்கன்னு எனக்குத் தெரியாது" என்றார். அக்கா சிரிக்கவில்லை என்பதைக் கண்டதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "உங்கண்ணனைப் பத்தி நீ எங்கிட்டயே ரெண்டு மூணு தடவைதான் பேசியிருப்பே. இந்த ஆள் என்னடான்னா அந்தச் சாவை வெச்சு பேர் வாங்கியிருக்கான்."

"சாவை வெச்சுன்னாலும் பரவால்லைங்க. சாவையும் எடுத்துட்டு, மிச்சமிருந்த என் ஆத்திரத்தை மட்டும் வெச்சு."

அன்றிலிருந்து அந்த ஆளுக்கு வீட்டில் நாடாக்காரர் என்று பெயர் விழுந்தது.

அடுத்த வகுப்புக்குச் செல்லோக்காரி ஏதோ சொல்லத் துடித்துக்கொண்டே வந்தாள். நாடாக்காரருக்கு எழுபது வயது நிறைகிறது, இசை விழா நடத்துகிறார்கள். புதிய தலைமுறைக்காரர்கள் சிலரிடம், அவருடைய பழைய படைப்பு ஒவ்வொன்றுக்கும் இசையாலேயே ஒரு பதில் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். செல்லோக்காரிக்குக் கிடைத்திருப்பது 'குரல் ஒன்று'.

"உங்களுக்கு நியாயம் கிடைக்கற மாதிரி ஒண்ணு பண்ணலாம்க்கா" என்று, ஓட்டிக்கொண்டே ஒரு கையால் மடியிலிருந்த பையிலிருந்து கைக்கு அடக்கமான ஒரு ரெக்கார்டரை எடுத்தாள். "இப்போதைய உங்க குரல்ல அதையே ஒரு தடவை சொல்லுங்க. பழைய குரலையும் இந்தக் குரலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு..."

"எதையே?"

"நான் சொல்றதைக் கேளுங்க. அது மட்டும் போதும்."

அக்கா நடுத்தெருவில் பிரேக்கை மிதித்தாள்.

"இறங்குங்க."

"அக்கா?"

"இறங்குங்கன்னு சொன்னேன். அன்னைக்கு இந்தக் காருக்குள்ள உட்காந்து நான் முழுசும் சொன்னேன். பெயின்ட் அடிச்சது, மெத்தை, ஆஸ்பத்திரி, விசாரணை, எல்லாம். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டீங்க. இப்ப என்ன வேணும்? அந்த ஆளுக்கு வேண்டியிருந்த அதே மூணு வார்த்தைதான் உங்களுக்கும் வேணும்."

"இசை வேறக்கா. அது செய்தித்தாள் இல்ல. எல்லாத்தையும் வார்த்தையில சொல்லிட்டா இசைக்கு என்ன இடம்?"

"அப்ப வார்த்தையை எதுக்குத் திருடறீங்க? உங்ககிட்டதான் பெரிய வயலின் இருக்கே, அதையே வாசிச்சுட்டுப் போக வேண்டியதுதானே."

செல்லோக்காரி இறங்கினாள். பின் கதவைத் திறந்து பெட்டியை இழுத்தாள். அது சீட்டுக்கிடையில் மாட்டிக்கொண்டது. அக்கா இறங்கிவந்து ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட்டாள். பிறகு ஓட்டுபவர் சீட்டில் ஏறி வண்டியை எடுத்தாள். கண்ணாடியில் பார்த்தபோது அவள் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

ஒரு வாரம் செல்லோக்காரி வரவில்லை. அக்காதான் போன் செய்தாள். "அந்த ஆளை நான் நேர்ல பாக்கணும். கூட்டிக்கிட்டுப் போ" என்றாள். 'ங்க' போய்விட்டிருந்ததில் செல்லோக்காரிக்கு உயிர் வந்தது.

நாடாக்காரர் விழா அரங்கின் ஒத்திகை அறையில் இருந்தார். ஒல்லியான மனிதர், வெளுத்த தாடி, பொத்தான் சரியாகப் போடாத சட்டை. அக்கா மனதில் வைத்திருந்த வில்லன் மாதிரி இல்லை. செல்லோக்காரி விஷயத்தைச் சொன்னதும் சட்டென்று எழுந்து நின்று, அக்காவின் கைகளைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"உங்களை நான் ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டிருந்தேம்மா."

"தேடலையா?"

அவர் கைகளை விட்டார்.

"ரேடியோல வரும்னு சொன்னீங்க" என்றாள் அக்கா. "எங்கப்பா எத்தனை நாள் காத்துக்கிட்டிருந்தாரு தெரியுமா?"

"கொண்டுபோய்க் குடுத்தேம்மா. மேலதிகாரி கேட்டுட்டு, இந்தப் பிரச்சினையெல்லாம் நமக்கு வேண்டாம்னுட்டார். எனக்கு மனசே ஆறலை. அந்தக் குரல் மட்டும் காதை விட்டுப் போகல. அதான் அதை வெச்சு ஒண்ணு செஞ்சேன். அது என்னோட எதிர்ப்புதாம்மா."

"போட மாட்டேங்கறாங்கன்னு எங்க வீட்ல வந்து ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"இல்ல."

"முழு நாடா எங்க இருக்கு?"

அவர் தாடியைத் தடவினார். "அப்பல்லாம் நாடாவை பிளேடால வெட்டித்தான் ஒட்டுவோம். வேண்டியதை எடுத்துக்கிட்டு..."

"மிச்சம்?"

"இல்லம்மா. அது போயிடுச்சு."

விசாரணைக் காகிதங்களில் அவள் பேச்சை இரண்டு வரியில் சுருக்கித்தான் எழுதியிருந்தார்கள். அந்த நாடா ஒன்றில்தான் அவள் சொன்னது முழுசாக இருந்தது. அதைக் கத்தரித்துக் குப்பையில் போட்ட மனிதர், பொத்தான் மாறிப் போட்ட சட்டையோடு எதிரே பரிதாபமாக நிற்கிறார். அடிக்கவும் முடியாது.

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் அவர். "செய்தியா வந்திருந்தா மறுநாள் மறந்திருப்பாங்க. அர்த்தம் கரைஞ்சு போனாத்தான் குரல் கேக்கும். உங்க குரல் இன்னைக்கும் உயிரோட இருக்கு. எத்தனையோ ஊர்ல கேட்டிருக்காங்க."

"நானும் உயிரோடதான் இருக்கேன், என் குரலுக்கு என்ன வந்தது? செத்தது எங்கண்ணன். எத்தனையோ ஊர்ல கேட்டாங்களே, நான் என்ன சொன்னேன்னு அதுல ஒருத்தருக்காவது தெரியுமா?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

வெளியே வந்ததும் செல்லோக்காரி, எழுதிவைத்திருந்ததை எல்லாம் கிழித்துப் போடப்போவதாகச் சொன்னாள். இனி எப்படிச் செய்யலாம் என்று அவள் யோசிக்க ஆரம்பிக்குமுன் அக்கா முடிவு செய்துவிட்டாள். "நாடாவும் வேண்டாம், ரெக்கார்டரும் வேண்டாம். நானே வந்து பேசறேன். முழுசும். அதுக்குப் பக்கத்துல உன்னால என்ன வாசிக்க முடியுமோ வாசி."

ஒத்திகைகள் சுமுகமாக நடந்தன என்று சொல்ல முடியாது. செல்லோக்காரியையும் சேர்த்து நாலு பேர் தந்தி வாத்தியம் வாசித்தார்கள். முதல் நாள் அக்கா பேச்சை ஆரம்பித்ததும் நாலு பேரும் ஒன்றாகக் கிளம்பிவிட்டார்கள். "நான் பேசறப்ப ஏன் எல்லாரும் குறுக்க வர்றீங்க? விசாரணை வெச்சவங்களே தேவலை, ஒருத்தர்தான் குறுக்க வந்தாரு" என்றாள் அக்கா. அவர்களில் வயோலா வாசித்தவர் வில்லைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து சிரித்தார். செல்லோக்காரி வீட்டுக்குப் போய் மாற்றி எழுதினாள். மறுபடி மாற்றினாள். கடைசியில் பேச்சு நடக்கும்போது செல்லோவில் ஆழத்தில் ஒரே ஒரு சுரம் மட்டும் விடாமல் நிற்கும்படி வைத்தாள். அக்கா மூச்சு விட நிறுத்தும் இடங்களில் மட்டும் மற்ற மூன்று பேரும் உள்ளே வருவார்கள், அவள் வாய் திறந்ததும் விலகிவிடுவார்கள். ஒரு இடத்தில் வந்தது இன்னொரு இடத்தில் வராது. "திரும்பத் திரும்ப வாசிக்கறது எனக்கு ரொம்பப் பிடிக்கும்க்கா. அவர்கிட்ட இருந்து கத்துக்கிட்டதுதான். ஆனா இதுல கை வரலை" என்றாள்.

விழாப் பொறுப்பாளர் கடைசி ஒத்திகைக்கு வந்து கேட்டார். நல்லவிதமாகத்தான் பேசினார். கொஞ்சம் நீளம், நடுவில் குறைக்கலாமே என்றார். அப்புறம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கட்டட உரிமையாளர் பெயரைச் சொல்ல வேண்டாம், அவர்கள் குடும்பம் இன்னும் ஊரில் பெரிய இடம், 'உரிமையாளர்' என்று சொன்னாலே புரியும் என்றார்.

அக்கா வாயைத் திறப்பதற்குள் செல்லோக்காரி எழுந்தாள். "ஒரு வார்த்தை குறைஞ்சாலும் நான் வாசிக்க மாட்டேன் சார். அச்சடிச்ச நோட்டீஸ்ல என் பேரை அடிச்சுட்டு வேற யாரையாவது போட்டுக்கோங்க."

"சட்டச் சிக்கல் வரும்மா."

"வரட்டும் சார்" என்றாள் அக்கா. "வந்தா இன்னொரு விசாரணை நடக்கும். அதுலயும் இதையேதான் சொல்லுவேன்."

விழா ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். முதலில் 'குரல் ஒன்று'. அரங்கின் இரண்டு பக்கத்திலும் பெரிய ஒலிபெருக்கிகள். மேடையில் ஆளே இல்லை. அக்கா நான்காவது வரிசையில் வீட்டுக்காரரோடு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பது வயதில் இருந்த அவள் ஒலிபெருக்கியில் பேச ஆரம்பித்தாள். சுற்றியிருந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒருவர் லேசாக ஆடினார். குரல்கள் பிரிந்து, ஒன்றின்மேல் ஒன்று அலையலையாகப் புரண்டு வந்தன. அழகாக இருந்தது. அதை அவளால் இல்லையென்று சொல்ல முடியவில்லை. அழகாக இருந்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. மொக்கையாக இருந்திருந்தால் என்றோ மண்ணோடு போயிருக்கும். இத்தனை பேர் கண்ணை மூடி அனுபவிக்கும்படி செய்யத் தெரிந்த மனிதருக்கு, வீடு தேடி வந்து ஒரு தகவல் சொல்லத் தெரியவில்லை.

கைதட்டல் ஓய்ந்ததும் அக்கா மேடைக்குப் போனாள். செல்லோக்காரி வில்லை வைத்து அந்த ஒற்றைச் சுரத்தைப் பிடித்தாள்.

அக்கா தன் பெயரைச் சொன்னாள். அப்பா பெயர், வீட்டு எண். அண்ணன் பெயர். உரிமையாளர் பெயரைச் சொன்னபோது பின்வரிசையில் யாரோ நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தார்கள். "பெயின்ட் அடிக்க வந்த ஆள்கிட்ட நானே கேட்டேன். அடியில துரு இருக்கே, சுரண்டிட்டு அடிக்க வேண்டாமான்னு. எனக்குச் சொன்னது பெயின்ட் அடிக்கறது மட்டும்தாம்மான்னாரு. அவரை நான் குத்தம் சொல்லல. அவருக்கு அனுப்பின வேலை அதுதான்." மெத்தை, கைப்பிடி, ஆஸ்பத்திரி, குடித்திருந்தான் என்ற வக்கீல், அப்பா, ரேடியோ. குரல் எங்கும் ஏறவில்லை. வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுப்பதுபோல ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். மூச்சு விட நின்ற இடங்களில் வாத்தியங்கள் வந்து போயின. நடுவில் இரண்டு மூன்று பேர் எழுந்து போனார்கள். ஒரு பெண் கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டாள். முடிந்ததும் கொஞ்ச நேரம் யாருக்கும் கை தட்டலாமா கூடாதா என்று தெரியவில்லை. வீட்டுக்காரர்தான் முதலில் தட்டினார்.

நாடாக்காரர் மேடைக்குப் பின்புறம் வந்தார். கண் கலங்கியிருந்தது.

"நீங்க பேசினதுல ஒரு தாளம் இருந்ததும்மா. வாக்கியம் முடியற இடமெல்லாம் ஒரே மாதிரி இறங்குது. எவ்வளவு..."

"ஐயா" என்றாள் அக்கா. "அந்தக் கைப்பிடி ஏன் விழுந்தது?"

அவர் விழித்தார். செல்லோக்காரியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பொய் சொல்லவில்லை, அதைச் சொல்லவேண்டும். "மன்னிக்கணும்மா. நான் ஒலியைத்தான் கவனிச்சுக்கிட்டிருந்தேன்."

"இன்னொரு தடவை நான் சொல்றதா இல்லீங்க" என்று சொல்லிவிட்டு அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

பின்னால் நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடலாம். சட்டச் சிக்கல் எதுவும் வரவில்லை. உரிமையாளர் குடும்பம் வாயே திறக்கவில்லை. அதுவும் ஒரு சாமர்த்தியம்தான். ஒரு பத்திரிகை விமர்சகர், செல்லோக்காரியின் படைப்பில் பேச்சு அதிகம், இசை குறைவு, சற்றுச் சுருக்கியிருக்கலாம் என்று எழுதினார். அதைச் செல்லோக்காரி படித்துக் காட்டியபோது அக்கா அந்த விமர்சகரின் போன் நம்பரைக் கேட்டாள், அவள் கொடுக்கவில்லை. 'குரல் ஒன்று' வெளியிடும் கம்பெனிக்காரர்கள், இனிமேல் அக்காவின் பெயரைப் போடுவதாகச் சொன்னார்கள். என் பெயர் வேண்டாம், என் அண்ணன் பெயரையும் அவன் எப்படிச் செத்தான் என்பதையும் போடுங்கள் என்றாள் அக்கா. அதற்கு இசைத்தட்டின் அட்டையில் இடமில்லை என்றார்கள். இருபது நிமிஷம் ஒரே வாக்கியத்தைப் போட இடம் இருக்கிறது, இரண்டு வரிக்கு இடமில்லையா என்று கேட்டாள். இன்னமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். அவள் குரல் கேட்டாலே அந்த ஆபீசில் போனை அடுத்தவரிடம் மாற்றிவிடுகிறார்களாம்.

விழா முடிந்து திரும்பும்போது செல்லோக்காரிதான் வண்டியை ஓட்டினாள். அக்கா பக்கத்தில் பிரேக்கின்மேல் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின் சீட்டில் வீட்டுக்காரர், செல்லோப் பெட்டிக்கு மிஞ்சிய இடத்தில் ஒடுங்கியிருந்தார்.

"மனசு ஆறுச்சாக்கா?" என்று கேட்டாள் செல்லோக்காரி.

"இல்ல" என்றாள் அக்கா. "இன்னும் எரிச்சலாத்தான் இருக்கு. இவ்வளவு பேசினேனே, அவன் எப்படி இருப்பான்னு ஒரு வார்த்தை சொன்னேனா? விழுந்ததைச் சொன்னேன், செத்ததைச் சொன்னேன். கைப்பிடியைப் பத்தி அத்தனை பேசினேன். அவனைப் பத்தி யோசிச்சாலே எனக்கு அந்தப் பச்சைப் பெயின்ட்தான் முன்னால வருது. அவன் நினைப்பையும் சேத்துத்தான் அவங்க எடுத்துக்கிட்டாங்க."

செல்லோக்காரி கியரைக் குறைத்து, வண்டியை இடது ஓரமாக மெல்லச் செலுத்தினாள். "எப்படி இருப்பார்?"

அக்கா முன்கண்ணாடியைப் பார்த்தபடியே ஆரம்பித்தாள்.

"வராந்தாவுல இருந்த பொம்பளைங்க பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. வாரப் பத்திரிகையில வர்ற தொடர்கதையை இவன்தான் உரக்கப் படிச்சுக் காட்டுவான். கதை அவன் இஷ்டத்துக்குப் போகலைன்னா, படிக்கற மாதிரியே பாவனை பண்ணிக்கிட்டு சொந்தமா மாத்திச் சொல்லிடுவான். ஒருநாள் கீழ்வீட்டு அத்தை, படிக்கத் தெரிஞ்ச யார்கிட்டயோ அதே கதையைப் பேசப்போய் குட்டு உடைஞ்சுபோச்சு. மூணாவது வாரத்துலயே செத்துப்போன மாமியாரை இவன் பத்து வாரமா உயிரோட வெச்சிருந்திருக்கான்."

பின் சீட்டிலிருந்து வீட்டுக்காரரின் சிரிப்பு கேட்டது. இந்தக் கதை அவருக்கும் புதுசு.

"அடிச்சாங்களா?"

"அடிக்கறதாவது. அச்சுல வர்றது எங்களுக்கு வேண்டாம், நீ சொல்றதையே சொல்லுன்னுட்டாங்க. இவனுக்குத் தலைகால் புரியல. ஆபீஸ் போற மாதிரி தலையைப் படிய வாரிக்கிட்டு உட்காருவான்."

அக்கா இன்னொன்று சொன்னாள். அதற்குப் பிறகு இன்னொன்று. வீட்டு வாசலில் வண்டி நின்று, வீட்டுக்காரர் இறங்கிக் கதவைத் திறந்து விளக்கைப் போட்ட பிறகும், சீட் பெல்ட்டைக் கழற்றாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.